உங்கள் தெருவில் வாக்குப்பதிவை உயர்த்துவது எப்படி? மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டிய வேலை

2021 சட்டமன்றத் தேர்தலில் சென்னை தியாகராய நகர் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 137 வாக்குகள். அதே தொகுதியில் அன்று சாவடிப் பக்கமே வராதவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 2016இல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49. ராஜஸ்தானின் நாத்துவாராவில் 2008இல் அப்போதைய மாநிலக் காங்கிரஸ் தலைவர் சி.பி. ஜோஷி தோற்றது ஒரே ஒரு வாக்கில். இந்த எண்களை மேடையில் சொன்னால் கைதட்டு கிடைக்கும். ஆனால் கைதட்டியவரின் பெயர் வாக்காளர் பட்டியலில் இல்லையென்றால் அவரால் வாக்களிக்க முடியாது. இந்தக் கையேடு பட்டியலைப் பற்றியது. குடியிருப்போர் நலச் சங்கம், கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட அணி, ஊர் இளைஞர் மன்றம் என்று கட்சி சாராத யாரும் ஒரு சாவடி அளவில் செய்யக்கூடிய வேலை இது.

"நான் ஒருத்தன் போடாவிட்டால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்பவருக்கு நூலிழை வெற்றிகளைவிடப் பலமான பதில் ஒன்று உண்டு. வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் படிவம் 20 என்ற பட்டியல் வெளியாகும். ஒவ்வொரு சாவடியிலும் எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்கு விழுந்தது என்று அதில் வரிசையாக இருக்கும். நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது யாருக்கும் தெரியாது. உங்கள் நான்கு தெருவிலிருந்து மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள் என்பது எல்லாக் கட்சி அலுவலகத்துக்கும் தெரியும். 1,000 பெயரில் 400 பேர் மட்டும் வரும் பகுதியின் மழைநீர் வடிகாலுக்காக எந்தக் கட்சியும் அவசரப்படத் தேவையில்லை. குறைந்தபட்சம் இத்தனை சதவீதம் பேர் வாக்களித்தால்தான் தேர்தல் செல்லும் என்ற விதியும் நம் நாட்டில் கிடையாது. 2017 ஸ்ரீநகர் மக்களவை இடைத்தேர்தலில் பதிவானது சுமார் 7 சதவீதம்தான். அதிலும் ஒருவர் வென்று நாடாளுமன்றம் போனார். வராதவர்கள் தேர்தலைத் தடுத்துவிடவில்லை, தங்கள் பங்கை வந்தவர்களிடம் கொடுத்துவிட்டார்கள்.

சதவீதத்தை முதலில் பிரித்துப் பாருங்கள்

2024 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் வாக்குப்பதிவு 69.72 சதவீதம். தருமபுரி 81.20, மத்திய சென்னை 53.96. "சென்னைக்காரர்களுக்குப் பொறுப்பில்லை" என்று ஒவ்வொரு தேர்தலிலும் எழுதுகிறார்கள். அதில் பாதி உண்மைதான். சதவீதம் ஒரு பின்னம். மேலே விழுந்த வாக்குகள், கீழே பட்டியலில் உள்ள பெயர்கள். சென்னை போன்ற ஊரில் வாடகை வீடு மாறுகிறவர்கள் அதிகம். போனவர்களின் பெயர் பழைய முகவரியில் நிற்கும், இறந்தவர்களின் பெயரும் நீக்கப்படாமல் கிடக்கும்.

ஒரு கணக்குப் போடலாம். சாவடியில் 1,000 பெயர். அதில் 120 பேர் இறந்தவர்கள், வீடு மாறியவர்கள், இரட்டைப் பதிவுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 வாக்கு விழுந்தால் அறிவிக்கப்படுவது 60 சதவீதம். உண்மையில் அங்கே வசிக்கும் 880 பேரில் வாக்களித்தவர்கள் 68 சதவீதம். நீங்கள் தேடிப் பிடிக்க வேண்டியவர்கள் 400 பேர் அல்ல, 280 பேர். வேலையின் அளவே குறைந்துவிட்டது.

2025 இறுதியில் தமிழகத்தில் நடந்த வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது (எஸ்ஐஆர்) வரைவுப் பட்டியலிலிருந்து சுமார் 97 லட்சம் பெயர்கள் நீங்கின. 6.41 கோடியாக இருந்த எண்ணிக்கை 5.43 கோடியானது. ஒருவர்கூடக் கூடுதலாக வராமலே இனி சதவீதம் உயரும் என்பதை மறக்க வேண்டாம். அதைப் பார்த்து விழிப்புணர்வு பெருகிவிட்டது என்று யாராவது பெருமைப்பட்டால், பதிவான வாக்குகளின் எண்ணிக்கையைக் கேளுங்கள். இவ்வளவு பெரிய நீக்கத்தில் உயிரோடு அதே வீட்டில் இருப்பவர்களின் பெயர் விடுபட்டிருக்க வாய்ப்புண்டு. கையில் வாக்காளர் அட்டை இருக்கிறதே என்று அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். அட்டை இருப்பதும் பட்டியலில் பெயர் இருப்பதும் வெவ்வேறு விஷயம். வாக்குப்பதிவு நாளில் சாவடி வாசலில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இதை அறியாததால் வருபவை.

பாகத்தை எடுத்து வீடு வீடாக நடங்கள்

தமிழகத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் மாவட்டம், தொகுதி, பாகம் எண் கொடுத்தால் பட்டியல் கோப்பாக இறங்கும். பாகம் என்பது ஒரு சாவடிக்குரிய பட்டியல். முதல் பக்கத்தில் எந்தெந்தத் தெருக்கள், சாவடி எந்தப் பள்ளியில் என்ற விவரம் இருக்கும். உள்ளே ஒவ்வொரு கட்டத்திலும் வரிசை எண், அடையாள அட்டை எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், கதவு எண், வயது. கடைசியில் துணைப்பட்டியல் சேர்ந்திருந்தால் அதையும் பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் பலர் அதில்தான் இருப்பார்கள். முதன்மைப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு "உங்க பேரு இல்லீங்க" என்று சொல்லிவிட்டால், இருக்கிறவரே வராமல் போய்விடுவார்.

அச்செடுத்து, இரண்டிரண்டு பேராகப் போங்கள். ஒருவர் பேசவும் ஒருவர் குறிக்கவும். மாலை ஐந்தரைக்குப் பிறகும் ஞாயிறு காலையும்தான் வீட்டில் ஆள் கிடைக்கும். ஒரு மாலைக்கு 40 வீட்டுக்கு மேல் திட்டமிடாதீர்கள். அவசரமாகக் கேட்டால் "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்ற பதிலோடு கதவு மூடிவிடும். உங்கள் பகுதி பிஎல்ஓவிடம், அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம், முன்பே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அவர் அங்கன்வாடிப் பணியாளராகவோ பள்ளி ஆசிரியராகவோ இருப்பார். சொந்த வேலைக்கு மேல் இதையும் பார்க்கிறவர். நீங்கள் கொண்டுவரும் தெளிவான குறிப்பு அவருக்கும் உதவி.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பென்சிலில் ஓர் எழுத்து போதும். இருக்கிறார் என்றால் 'இ', வீடு மாறிவிட்டார் 'மா', காலமானார் 'கா', வெளியூரில் வேலை அல்லது படிப்பு 'வெ'. 85 வயதைத் தாண்டியவர், நடக்க இயலாதவர் பெயருக்கு ஒரு வட்டம். பட்டியலில் இல்லாமல் வீட்டில் இருக்கிறவரைத் தனித்தாளில் எழுதுங்கள். இந்தத் தாளில்தான் உங்கள் உழைப்பின் பெரும்பகுதி பலிக்கும். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். ஆதார் நகல் வாங்காதீர்கள். குறித்த தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். யார் வீடு பூட்டிக் கிடக்கிறது என்ற தகவல் தேர்தலுக்கு மட்டும் பயன்படுவதல்ல.

பழைய சென்னைத் தெருக்களில் ஒரு தனித் தலைவலி பழைய எண், புதிய எண். ஒரே வீட்டில் அப்பா "பழைய எண் 14" என்றும் மகள் "புதிய எண் 31" என்றும் பதிவாகி, வேறு வேறு பக்கத்தில், சில சமயம் வேறு பாகத்தில்கூட இருப்பார்கள். பெயரை வைத்துத் தேடிக் கிடைக்காவிட்டால் அட்டை எண்ணை வைத்து இணையதளத்தில் தேடுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் எண் காட்டிக்கொடுத்துவிடும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பிளாக் பெயர் இல்லாமல் வெறும் '3பி' என்று இருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் படிவம் யாருக்கு

படிவம் 6 முதன்முறையாகப் பெயர் சேர்ப்பவருக்கு மட்டும். ஏற்கெனவே எங்காவது பெயர் உள்ளவர் வீடு மாறினால், அதே தொகுதிக்குள் மாறினாலும் வேறு தொகுதிக்கு மாறினாலும், படிவம் 8. பெயர்ப் பிழை, வயதுப் பிழை, தொலைந்த அட்டைக்கு மாற்று, மாற்றுத்திறனாளி என்று குறிக்கச் சொல்வது எல்லாம் அதே 8தான். இறந்தவர் பெயரை நீக்க படிவம் 7.

அதிகம் நடக்கும் தவறு, வீடு மாறியவர் படிவம் 6 கொடுப்பது. புதிதாகச் சேர்ப்பதாக நினைத்து மனு போகும், பழைய பதிவு கண்ணில் படும், மனு தள்ளுபடியாகும். தள்ளுபடி ஆன குறுஞ்செய்தியை அவர் கவனித்திருக்க மாட்டார். இன்னொரு பக்கம், ஏற்றுக்கொள்ளப்பட்டு இரண்டு இடத்தில் பெயர் வந்துவிட்டால் அது சட்டப்படி தவறு. வேறெங்கும் பெயர் இல்லை என்று எழுதிக் கொடுத்த பொய்யான உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஊரில் ஒன்று, சென்னையில் ஒன்று என்று வைத்திருப்பவர்களிடம் இதை நேராகவே சொல்லிவிடுங்கள். எங்கே வைத்துக்கொள்வது என்பது அவர் முடிவு. திருமணமாகி வந்த பெண்களைத் தனியாகக் கேளுங்கள். பெயர் பிறந்த ஊரிலேயே இருக்கும், புகுந்த வீட்டில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஒரு தெருவில் நான்கைந்து பேராவது இப்படிக் கிடைப்பார்கள்.

18 வயதுக்கு இப்போது ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள். ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. 17 முடிந்தவர் முன்கூட்டியே மனு கொடுத்து வைக்கலாம். கல்லூரியில் கூட்டம் போட்டு உறுதிமொழி எடுக்க வைப்பதைவிட, அதே ஒரு மணி நேரத்தில் மாணவர்களைக் கைப்பேசியை எடுக்கச் சொல்லி மனுவைப் பதிவேற்ற வைப்பது மேல். புகைப்படம், பிறந்த தேதிச் சான்று, முகவரிச் சான்று மூன்றையும் முதல் நாளே கொண்டுவரச் சொல்லுங்கள். விடுதி மாணவர் வீட்டு முகவரியிலோ விடுதி முகவரியிலோ பதியலாம். விடுதி என்றால் கல்லூரியின் சான்று வேண்டும்.

கெடு முக்கியம். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் பெயர் ஏறாது. மனுவின் மேல் ஆட்சேபம் சொல்ல அவகாசம் கொடுத்துத்தான் முடிவெடுப்பார்கள் என்பதால், அந்தக் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பே மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தேதி அறிவித்த பிறகு தொடங்கினால் பாதிப் பேரைத் தவறவிடுவீர்கள். மனு கொடுத்ததும் வரும் குறிப்பு எண்ணை எழுதி வைத்து வாரம் ஒருமுறை நிலையைப் பாருங்கள். சந்தேகம் என்றால் 1950க்கு அழைக்கலாம்.

சாவடிக்கு வர முடியாதவர்கள்

நீங்கள் வட்டம் போட்ட பெயர்களுக்கு இப்போது வேலை. 85 வயதுக்கு மேற்பட்டவர்களும் 40 சதவீதம் அதற்கு மேல் ஊனம் என்று சான்று உள்ளவர்களும் வீட்டிலிருந்தே அஞ்சல் வாக்கு செலுத்தலாம். அதற்குப் படிவம் 12டி. தேர்தல் அறிவிக்கை வெளியான நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் அது போய்ச் சேர வேண்டும். கவனியுங்கள், தேர்தல் தேதியைச் சொல்லும் பத்திரிகையாளர் சந்திப்பு வேறு, அரசிதழில் வரும் அறிவிக்கை வேறு. பிஎல்ஓ வீட்டுக்கே படிவம் கொண்டுவருவார். ஆனால் பூட்டிய வீடு, மகன் வீட்டுக்குப் போன பாட்டி என்று விட்டுப்போவது சகஜம். பட்டியலைக் கையில் வைத்து நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும். ஒருமுறை இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் சாவடிக்குப் போய் வாக்களிக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுங்கள். சில பெரியவர்களுக்கு மை வைத்த விரலோடு வெளியே வருவதுதான் தேர்தல்.

பார்வையற்றவர் 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். ஒருவர் ஒரு நாளில் ஒரே ஒருவருக்குத்தான் துணையாக இருக்க முடியும். சங்கத்துக் காரியதரிசியே எல்லாரையும் அழைத்துப்போகலாம் என்று திட்டமிட்டால் வாசலிலேயே நின்றுவிடும்.

வாகன ஏற்பாட்டில்தான் நல்லெண்ணக்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். வேட்பாளரோ அவர் ஒப்புதலோடு வேறு யாருமோ வாக்காளர்களைச் சாவடிக்கு ஏற்றிவர வண்டி பிடிப்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஊழல் நடவடிக்கை. கட்சிக்காரர் "ஆட்டோ நான் பார்த்துக்கறேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தங்கள் சொந்த வண்டியில் தங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிவரும் குடும்பங்கள் எவை, ஆளில்லாத வீடுகள் எவை என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். ஆளில்லாத வீடுகளுக்கு என்ன வசதி உண்டு என்று பிஎல்ஓவைக் கேளுங்கள்.

கடைசி வாரம்

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1998இல் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற அரசியல் அறிஞர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். நேரில் கதவைத் தட்டிப் பேசிய வீடுகளில் வாக்குப்பதிவு தெளிவாக உயர்ந்தது. தொலைபேசி அழைப்பு பலன் தரவில்லை. ஊர் வேறானாலும் பாடம் இங்கும் பொருந்தும். பேனர், பேரணி, ரங்கோலிக்குச் செலவழிப்பதைக் குறைத்து, 'இ' என்று குறித்த வீடுகளுக்கு இரண்டாம் முறை போங்கள். "கட்டாயம் ஓட்டுப் போடுங்க" என்று அறிவுரை சொல்லாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை மணிக்குப் போவீர்கள், யாரோடு போவீர்கள், எந்த அட்டையைக் கொண்டுபோவீர்கள்? பதில் சொல்லும்போதே அவர் தன் நாளைத் திட்டமிட்டுவிடுகிறார். காலை ஏழு மணிக்குச் சமையல் என்பவருக்கு எந்த நேரம் ஒத்துவரும் என்று அப்போதே பேசித் தீர்க்கலாம்.

அட்டை விஷயத்தில் ஒரு பொறி. பூத் சிலிப் மட்டும் அடையாளச் சான்று ஆகாது. அது வரிசை எண்ணையும் சாவடியையும் தெரிந்துகொள்ளத்தான். வாக்காளர் அட்டை இல்லாதவர் ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை போன்றவற்றில் ஒன்றைக் காட்டலாம். நம் ஊரில் எதற்கெடுத்தாலும் நீட்டும் ரேஷன் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. வெயிலில் வரிசையில் நின்று இதற்காகத் திரும்பிப் போனவர் மறுபடி வருவது அபூர்வம்.

'வெ' என்று குறித்தவர்களுக்கு விடுமுறைதான் சிக்கல். வாக்குப்பதிவு நாளில் தினக்கூலி உட்பட எல்லாத் தொழிலாளர்களுக்கும் சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி (135B) பிரிவு சொல்கிறது. மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரைதான். அதனால் சட்டத்தைக் காட்டி மிரட்டுவதைவிட, கடை முதலாளியிடம் முன்கூட்டியே பேசி ஆட்களைக் காலை, மாலை என்று பிரித்து அனுப்பச் சொல்வது நடக்கும். 2024இல் வாக்குப்பதிவு ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. மூன்று நாள் விடுமுறை கிடைத்தது. ஊருக்குப் போய் வாக்களிக்க பஸ் ஏறியவர்களும் உண்டு, மலைக்குச் சுற்றுலா போனவர்களும் உண்டு. அப்படி ஒரு தேதி அமைந்தால், "ஏழு மணிக்குப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்" என்று சொன்னால் போதும். பயணத்தை ரத்து செய்யச் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

வாக்குப்பதிவு நாள்

சித்திரை வெயிலில் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை சாவடி காற்று வாங்கும். வரிசைக்குப் பயப்படுகிறவரை அந்த நேரத்துக்கு அனுப்பலாம், ஆனால் வயதானவரை அல்ல. நேரம் முடியும் கணத்தில் வரிசையில் நிற்பவர்கள் எல்லாருக்கும் கடைசி ஆளிலிருந்து முன்னோக்கிச் சீட்டு கொடுப்பார்கள். சீட்டு கையில் இருந்தால் இரவானாலும் வாக்கு உண்டு. "இனிமே போய் என்ன" என்று ஐந்தே முக்காலுக்குத் தயங்குகிறவரிடம் இதைச் சொல்லுங்கள்.

உள்ளே முதல் அலுவலர் பெயரைச் சத்தமாகப் படிப்பார். அடுத்தவர் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிச் சீட்டுத் தருவார். மூன்றாமவர் சீட்டை வாங்கிக்கொண்டு இயந்திரத்தைத் திறந்துவிடுவார். நீலப் பொத்தானை அழுத்தியதும் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும், வாக்கை அச்சிட்டுக் காட்டும் விவிபாட் பெட்டியின் கண்ணாடியில் சின்னத்தோடு ஒரு தாள் ஏழு விநாடி தெரிந்து கீழே விழும், பிறகு நீண்ட பீப் ஒலி. ஒலி வரும் முன் நகர வேண்டாம்.

உங்கள் பெயரில் வேறு யாரோ வாக்களித்துவிட்டால் சத்தம் போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். நீங்கள்தான் அவர் என்று தலைமை அலுவலருக்குத் திருப்தி வரும்படி பதில் சொன்னால் தேர்தல் நடத்தை விதிகளின் 49பி (49P) விதிப்படி டெண்டர் வாக்குச்சீட்டு என்ற தாள் வாக்குச்சீட்டு தர வேண்டும். அதைத் தனி உறையில் வைப்பார்கள். இந்த வாக்கு வழக்கமான எண்ணிக்கையில் சேராது. ஆனால் வழக்கு என்று வந்தால் அந்த உறை பேசும். இடம்பெயர்ந்தவர் என்று தனிப்பட்டியலில் தவறாகக் குறிக்கப்பட்டவரும் அடையாளத்தை நிரூபித்து வாக்களிக்கலாம். கூடுதலாகக் கைரேகை வாங்குவார்கள்.

உங்கள் ஆட்கள் சாவடியிலிருந்து 100 மீட்டருக்கு அப்பால் நிற்கட்டும். சின்னம், கட்சி நிறத் துண்டு எதுவும் வேண்டாம். "போட்டீங்களா?" என்று கேட்கலாம், "யாருக்கு?" என்று கேட்கக் கூடாது. மதியம் மூன்று மணிக்கு இதுவரை வராத வீடுகளை எண்ணி, நான்கு மணிக்கு ஒரு சுற்று நடந்தால் அதுவே அன்றைய மிகப் பயனுள்ள ஒரு மணி நேரம்.

இரவில் தொலைக்காட்சி சொல்லும் சதவீதத்தை நம்பிக் கணக்கு முடிக்காதீர்கள். 2024இல் மாலை 7 மணி நிலவரப்படி 72.09 என்று அறிவித்தார்கள், பிறகு திருத்தி 69.72இல் நின்றது. உங்கள் சாவடியின் சரியான எண் 17சி படிவத்தில் இருக்கும். சாவடி முகவர்களுக்கு அதன் நகல் கிடைக்கும், கேட்டால் எண்ணைச் சொல்வார்கள். அதை உங்கள் 'இ' எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். அந்த வாரமே 'கா' என்று குறித்த பெயர்களுக்குக் குடும்பத்தாரிடம் இறப்புச் சான்று நகல் வாங்கிப் படிவம் 7 கொடுக்கச் சொல்லுங்கள். தேர்தல் சூடு ஆறிவிட்டால் அந்தத் தாள் அலமாரியில் போய்விடும், அடுத்த முறை மறுபடி எல்லா வீட்டுக் கதவையும் முதலிலிருந்து தட்ட வேண்டியிருக்கும்.